புல்வெளியில் என்ன மகசூல்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை. நான் அப்போது வேலை பார்த்த வளாகத்தின் சோதனைத் திடலில் நிலக்கடலை காய் பிடிக்கும் பருவத்தில் நின்றது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதால் முறை வைத்துத்தான் பாய்ச்சிக்கொண்டிருந்தோம். அந்த வாரம் முக்கிய விருந்தினர் ஒருவர் வருகிறார் என்பதால், கடலைக்கு உரிய முறை அலுவலகத்தின் முன்னால் இருந்த புல்தரைக்குப் போனது. நானும் வாய் திறக்கவில்லை. பயிற்சிக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், ஹோஸ் பைப்பில் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "ஏனுங்க மேடம், இது என்ன வெள்ளாமைங்க? இதுல என்ன வருதுங்க?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. தண்ணீர் போகும் இடத்தில் ஏதோ ஒரு விளைச்சல் இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஆண்டு எங்கள் கடலையில் பொக்கு அதிகம்.

இன்று புறவழிச்சாலைகளில் போனால், திருமண மண்டபம், தனியார் கல்லூரி, வில்லா மனைப்பிரிவு, ரிசார்ட் என்று எல்லாவற்றின் முன்னாலும் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் புல்வெளி இருக்கிறது. பக்கத்து வயலில் ஆழ்துளைக் கிணறு காற்றை இறைக்கும் மே மாதத்திலும் அது பச்சையாகவே இருக்கிறது. பெரியவர் கேட்ட கேள்வியை நாம் எல்லோருமே கேட்க வேண்டிய காலம் இது. நம்மைவிடப் பணமும் தொழில்நுட்பமும் உள்ள ஒரு நகரம், அதே கேள்வியைக் கேட்டுச் சட்டமே போட்டுவிட்டது.

லாஸ் வேகாஸ் போட்ட சட்டம்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பாலைவனத்தின் நடுவே இருக்கிறது லாஸ் வேகாஸ். ஆண்டு மழை சுமார் 100 மி.மீ. மட்டுமே. 2024 ஜூலையில் அங்கே 48.9 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. நகரத்தின் தண்ணீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணையால் உருவான லேக் மீட் நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது.

அந்த ஆற்று நீரை ஏழு மாநிலங்கள் பகிர்ந்துகொள்ள 1922-ல் ஒப்பந்தம் செய்தன. நதிநீர்ப் பங்கீட்டின் வலி நமக்குப் புதிதல்ல. அந்தப் பங்கீட்டின் தொடர்ச்சியாக நெவாடாவுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 3 லட்சம் ஏக்கர் அடி. நம் கணக்கில் சுமார் 13 டி.எம்.சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதில் ஏழில் ஒரு பங்குதான் இது. 2021 ஆகஸ்டில் அந்த ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு முதல்முறையாக அதிகாரபூர்வமாகத் தண்ணீர்ப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. 2022-ல் லேக் மீட்டின் நீர்மட்டம், 1930-களில் அது நிரப்பப்பட்ட பிறகு காணாத அளவுக்குத் தாழ்ந்தது.

இந்த நெருக்கடியில்தான் 2021-ல் நெவாடா சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சாலைத் திட்டு, வணிக வளாகத்தின் முகப்பு, அலுவலக வாசல் போன்ற இடங்களில், யாரும் கால் வைக்காமல் அழகுக்காக மட்டும் கிடக்கும் புல்வெளிக்குக் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சக் கூடாது. இதற்கான கெடு 2027 ஜனவரி 1. பிள்ளைகள் விளையாடும் திடலுக்கும், மக்கள் பயன்படுத்தும் பூங்காவுக்கும், தனி வீடுகளின் புல்தரைக்கும் அந்தத் தடை இல்லை. பக்கத்து மாநிலமான கலிஃபோர்னியாவும் 2023-ல் இதே போக்கில், பயன்படாத புல்வெளிகளுக்குக் குடிநீர் பாய்ச்சுவதைப் படிப்படியாக நிறுத்தச் சட்டம் இயற்றியிருக்கிறது.

சட்டத்துக்கு வெகு காலம் முன்பே லாஸ் வேகாஸின் நீர் வாரியம் இன்னொரு வழியை எடுத்திருந்தது. புல்லை எடுத்துவிட்டு வறட்சி தாங்கும் செடிகளை வைத்தால், சதுர அடிக்கு இவ்வளவு என்று உரிமையாளருக்குப் பணம் கொடுத்தது. வெறும் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் பணம் வாங்க முடியாது. செடிகள் வளர்ந்த பின் அந்தப் பரப்பில் பாதியாவது பசுமை மூடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சொட்டுநீரும் மூடாக்கும் கட்டாயம்.

பலன் என்ன? அந்த வாரியம் வீடுகளில் மீட்டர் வைத்துப் பல ஆண்டுகள் அளந்து 2005-ல் முடிவை வெளியிட்டது. ஒரு சதுர அடி புல்லுக்கு ஆண்டுக்குச் சுமார் 276 லிட்டர் தேவைப்பட்டது. அதே சதுர அடியில் வறட்சி தாங்கும் செடிகளுக்குச் சுமார் 65 லிட்டரே போதுமாக இருந்தது. நான்கில் மூன்று பங்கு மிச்சம். 2002-க்குப் பிறகு அங்கே மக்கள் தொகை பல லட்சம் கூடியும், ஆற்றிலிருந்து எடுத்துத் தீர்க்கும் நீரின் அளவு குறைந்திருக்கிறது.

எந்த நீர் திரும்பும், எந்த நீர் திரும்பாது?

குளியலறையையும் சமையலறையையும் விட்டுவிட்டு அவர்கள் ஏன் புல்லைக் குறிவைத்தார்கள்? லாஸ் வேகாஸில் வீட்டுக்குள் செலவாகும் நீர் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், ஏறத்தாழ முழுவதும் லேக் மீட்டுக்கே திரும்புகிறது. திரும்பிய அளவுக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். புல்லுக்குப் பாய்ச்சிய நீரோ இலை வழியாகவும் மண் வழியாகவும் ஆவியாகிப் போய்விடுகிறது. அது போனது போனதுதான்.

நம் ஊர்க் கிணற்றுக்கும் இதே விதிதான். வயலில் பாயும் நீரும் ஆவியாகத்தான் போகிறது. ஆனால் அதற்கு ஈடாக நெல்லோ, தேங்காயோ, மாட்டுத் தீவனமோ கைக்கு வருகிறது. அலங்காரப் புல்லை வெட்டினால் பெரும்பாலும் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது.

நம் ஊர்க் கணக்கு

அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே போடக் கூடாது. அவர்கள் மழை வேறு. அங்கே பரவலாக வளர்க்கும் ஃபெஸ்க்யூ போன்ற புல், குளிர்ப் பிரதேச வகை. நாம் வளர்க்கும் கொரியன் புல், அருகு போன்றவை வெப்பப் பிரதேச வகைகள். ஒப்பீட்டில் குறைவாகக் குடிப்பவை. காற்றும் வெயிலும் சேர்ந்து ஆவியாக்கக்கூடிய நீரில் குளிர்ப் பிரதேசப் புல்லுக்குச் சுமார் 80 சதவீதமும், வெப்பப் பிரதேசப் புல்லுக்குச் சுமார் 60 சதவீதமும் தேவை என்பது பாசனக் கணக்கில் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு.

நம் உள்மாவட்டங்களில் கோடையில் இந்த ஆவியாதல் நாளுக்கு 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 சதவீதம் 3.6 மி.மீ. ஹோஸ் பைப்பில் அடிக்கும்போது ஓடி வீணாவதைச் சிறிதளவே சேர்த்தாலும் 4 மி.மீ. ஆகிவிடும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்பது 1 லிட்டர். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆக, ஒரு சென்ட் புல்தரை ஒரு கோடை நாளில் 160 லிட்டர் குடிக்கும்.

மண்டபத்தின் முன்னால் 5 சென்ட் புல்வெளி இருந்தால் நாளுக்கு 800 லிட்டர். சொட்டுநீரில் கோடையில் மரத்துக்கு நாளுக்கு 80 லிட்டர் வீதம் கொடுத்தால், 10 தென்னையைக் காப்பாற்றும் நீர் அது. வறட்சி ஆண்டில் லாரித் தண்ணீர் வாங்கித் தென்னைக்கு ஊற்றியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரு ஏக்கர் புல்வெளி என்றால் நாளுக்கு 16,000 லிட்டர். மழையும் பனியும் உள்ள மாதங்களைத் தள்ளிவிட்டு, ஆண்டில் 200 நாள் மட்டும் இப்படிப் பாய்ச்சினாலும் 32 லட்சம் லிட்டர். அதாவது 800 மி.மீ. பாசனம். ஒரு பருவக் கேழ்வரகுக்கு மழையையும் சேர்த்துச் சுமார் 350 மி.மீ. போதும். உளுந்துக்கு 280 மி.மீ. அளவில் போதும். இரண்டையும் அடுத்தடுத்து எடுத்தாலும் அந்தப் புல்வெளி குடிக்கும் அளவை எட்டாது.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மாநிலம் முழுவதற்கும் பார்த்தால் தண்ணீரைப் பெருமளவு பயன்படுத்துவது விவசாயம்தான். புல்வெளிகளின் பரப்பு அதன் பக்கத்தில் மிகச் சிறியது. புல்வெளியை எல்லாம் எடுத்துவிட்டால் தமிழ்நாட்டின் தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொலராடோவிலும் அப்படித்தான். அந்த ஆற்று நீரில் பெரும்பங்கு விவசாயத்துக்கு, அதிலும் கால்நடைத் தீவனத்துக்குப் போகிறது.

ஆனால் நிலத்தடி நீர் மாநிலக் கணக்கில் வற்றுவதில்லை. ஊர் ஊராக வற்றுகிறது. நாற்பது ஐம்பது கிணறுகள் ஒரே பாறை இடுக்கை நம்பியிருக்கும் ஊரில், 600 அடி, 800 அடி போர் போட்டு கோடை முழுக்க ஓடும் ஒரே ஒரு ரிசார்ட் பக்கத்துத் தோட்டங்களை வற்ற வைத்துவிடும். பயிருக்கு ஓய்வு உண்டு; அறுவடை முடிந்தால் மோட்டார் நிற்கும். புல்வெளிக்கு அறுவடையும் இல்லை, ஓய்வும் இல்லை. கிணறு அடிமட்டத்தில் இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் அதன் தாகம் உச்சத்தில் இருக்கிறது.

"நெல்லைக் குறையுங்கள், கரும்பைக் குறையுங்கள், சொட்டுநீர் போடுங்கள்" என்று உங்களிடம் நாங்கள் ஓயாமல் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் தண்ணீரைக் கணக்குப் பார்க்கும் அதே நோட்டில் புல்வெளிக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். அதுவும் ஒரு பயிர்தான். எவ்வளவு குடிக்கிறது, என்ன தருகிறது என்ற கேள்வி அதற்கும் உண்டு.

புல் வளர்த்து விற்கிறீர்களா?

நகரங்களை ஒட்டிய ஊர்களில் சிலர் கொரியன் புல்லை வளர்த்து, சதுர சதுரமாக வெட்டி விற்கிறார்கள். கையில் உடனே காசு பார்க்கும் தொழில் என்பதால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரவு மட்டும் பார்த்தால் போதாது; நிலத்தின் பக்கமும் கணக்குப் பாருங்கள்.

புல்லை வெட்டும்போது வேரோடு மேல்மண்ணும் போகிறது. ஒரு முறை வெட்டும்போது 1 செ.மீ. மண் போகிறது என்று வையுங்கள். ஏக்கருக்கு அது 40 கன மீட்டர்; எடையில் சுமார் 50 டன். ஆண்டுக்கு இரண்டு முறை வெட்டினால் 100 டன். அங்ககச் சத்தும் நுண்ணுயிரும் அதிகம் இருப்பது இந்த மேல்மண்ணில்தான். சில ஆண்டுகள் கழித்து மறுபடி கடலையோ காய்கறியோ வைக்க நினைத்தால் அடிமண்தான் மிஞ்சியிருக்கும். புல்லைத்தான் தொடரப்போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மக்கிய எருவும் மண்ணும் சேர்க்கும் செலவையும் விலையில் சேருங்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பவர்கள் இதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

புல்லுக்குப் பதிலாக என்ன?

பச்சை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. புல்லை எடுத்துவிட்டு சிமென்ட் கல் பதிப்பது அதைவிட மோசம். கல் சூட்டை வாங்கி இரவிலும் கக்கும்; மழைநீரை மண்ணுக்குள் விடாது.

முதலில் மரம். நிழல் விழும் இடத்தில் மண்ணின் ஈரம் எளிதில் போகாது. வேம்பு, புங்கன், பூவரசு, இலுப்பை, மகிழம், சரக்கொன்றை ஆகியவை நம் வெயிலுக்குப் பழகியவை. முதல் இரண்டு, மூன்று கோடைகளுக்கு மட்டும் கவனமாகத் தண்ணீர் கொடுத்தால், பிறகு பெரும்பாலும் தாமாகவே நின்றுகொள்ளும்.

லாஸ் வேகாஸ் இதில் ஒரு பாடம் கற்றது. புல்வெளிக்கு நடுவில் நின்ற பெரிய மரங்கள் புல்லுக்கு விட்ட நீரில்தான் வாழ்ந்தன. புல்லை எடுத்து நீரை நிறுத்தியபோது, மரத்துக்குத் தனியாகச் சொட்டுநீர் போடாத இடங்களில் மரங்கள் காய்ந்தன. எனவே பழைய புல்வெளியை எடுப்பவர்கள், முதலில் மரத்தின் கிளை விரிப்புக்குக் கீழே சொட்டுநீரோ வட்டப்பாத்தியோ அமைத்துவிட்டு, அப்புறம் புல்லில் கை வையுங்கள்.

அடுத்து செடி. ஆவாரை, காகிதப்பூ, நந்தியாவட்டை, நொச்சி, ஆடாதோடை போன்றவை குறைந்த நீரில் வரும். நொச்சியையும் ஆடாதோடையையும் ஆடு அவ்வளவாகக் கடிக்காது, வேலியோரத்துக்கு ஏற்றவை. அரளியும் வறட்சி தாங்கும். ஆனால் ஆடு, மாடுகளுக்கு விஷம். கால்நடை நடமாடும் இடத்தில் வேண்டாம். வறட்சி தாங்குகிறது என்பதற்காக உண்ணிச்செடியையும் சீமைக் கருவேலத்தையும் உள்ளே விட்டுவிடாதீர்கள். அவை வேலியோடு நிற்காது. உங்கள் வயலுக்கும் வரும்.

தரையை மூடப் பச்சைதான் வேண்டும் என்றால் பொடுதலை இருக்கிறது. வரப்பிலும் ஏரிக்கரையிலும் படர்ந்து கிடக்கும் அதே மூலிகைதான். ஜப்பானில் இதிலிருந்து தேர்வு செய்த குராப்பியா என்ற ரகத்தைக் கலிஃபோர்னியாவில் புல்லுக்குப் பதிலாகப் பரப்புகிறார்கள். தேனீக்களுக்கும் பிடித்த பூ. ஆனால் தண்ணீர் தேங்கும் இடத்தில் களையாகப் பரவும், அங்கே வைக்காதீர்கள்.

செடிகளை நீர்த் தேவைப்படி பிரித்து வையுங்கள். அதிகம் குடிப்பவை கிணற்றடிக்கும் குளியலறைத் தண்ணீர் போகும் பக்கத்துக்கும். குறைவாகக் குடிப்பவை தூரத்துக்கு. இடையில் காலியாக இருக்கும் தரையை மூன்று விரற்கடை கனத்துக்குக் காய்ந்த இலை, தென்னை மட்டைத் துண்டு, மக்கிய நார்க்கழிவு கொண்டு மூடுங்கள். வயலில் மூடாக்கு என்ன செய்கிறதோ அதையேதான் இங்கும் செய்யும்.

புல் இருந்தே தீரும் என்றால்

பிள்ளைகள் விளையாடவும், பெரியவர்கள் உட்காரவும் புல்தரை தேவைதான். அந்த அளவுக்கு மட்டும் வையுங்கள். எளிய சோதனை ஒன்று: புல் வெட்டுபவரைத் தவிர வேறு யாரும் அதில் கால் வைப்பதில்லை என்றால், அது தேவையில்லாத புல்வெளி.

அமெரிக்காவில் பெர்முடா புல் என்று பெயர் வைத்து விற்பது நம் அருகுதான். வயலில் நாம் சபித்துக்கொண்டே தோண்டி எடுக்கும் அதே அருகு. வெயிலில் காய்ந்து செத்ததுபோல் கிடக்கும். ஒரு மழை பெய்தால் துளிர்த்துவிடும். இதன் பொருள், கோடையில் அருகம்புல் தரை பழுப்பானால் பதற வேண்டியதில்லை. அது தூங்குகிறது. எப்போதாவது ஒரு நனைப்பு கொடுத்து உயிரைப் பிடித்து வைத்தால் போதும்.

பாய்ச்சும்போது தினமும் மேலோட்டமாக நனைக்காதீர்கள். வேர் மேலேயே தங்கிவிடும். நான்கைந்து நாளுக்கு ஒரு முறை, அதிகாலையில், அரை அடி ஆழம் நனையும்படி விட்டால் வேர் கீழே இறங்கும். மணற்பாங்கான நிலத்தில் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். கோடையில் புல்லை ஒட்ட வெட்டாமல் சற்று உயரமாக விடுங்கள். சுத்திகரிப்பு நிலையம் உள்ள அடுக்குமாடி, கல்லூரி, ரிசார்ட் எல்லாம் அந்த நீரை மட்டுமே புல்லுக்கு விட வேண்டும். புதிய போர்த் தண்ணீரைத் தொடக் கூடாது. பயிருக்காகக் கொடுக்கப்படும் இலவச மின் இணைப்பில் இறைத்த தண்ணீர், மண்டபத்துப் புல்லுக்குப் போவது எந்த வகையிலும் நியாயமில்லை.

எங்கிருந்து தொடங்கலாம்?

வேளாண் அலுவலர்களும் களப்பணியாளர்களும் முதலில் தங்கள் அலுவலக வாசலைப் பார்க்க வேண்டும். சிக்கன நீர்ப் பாசனப் பயிற்சி நடக்கும் கூடத்துக்கு வெளியே ஸ்பிரிங்ளர் சுற்றிக்கொண்டிருந்தால், உள்ளே நாம் பேசுவதை யார் நம்புவார்கள்? அந்த இடத்திலேயே ஆவாரையும் நொச்சியும் வைத்து, சொட்டுநீர் போட்டு, எவ்வளவு நீர் மிச்சமாகிறது என்று பலகையில் எழுதி வைத்தால், அதுவே ஒரு செயல்விளக்கத் திடல்.

விவசாயிகளுக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. மனைப்பிரிவு போடுபவர்களும் வீடு கட்டுபவர்களும் செடி வாங்கத்தான் போகிறார்கள். புல் வளர்க்கும் நிலத்தில் ஒரு பகுதியிலாவது நாட்டு மரக்கன்று, ஆவாரை, நொச்சி நாற்றங்கால் போட்டால், குறைந்த நீரில் ஒரு வியாபாரம் ஆகும். கேட்பவர்கள் குறைவாக இருக்கும் இடத்தில் சிறிதாகத் தொடங்குங்கள்.

உங்கள் ஊரில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். குளம், வாய்க்கால், குடிநீர்த் தொட்டி பற்றிப் பேசும்போது இதையும் எழுப்புங்கள். ஊர் எல்லைக்குள் எத்தனை சென்ட் அலங்காரப் புல்வெளி இருக்கிறது, அதற்கு எந்த போரிலிருந்து தண்ணீர் வருகிறது என்று கேளுங்கள். சென்டுக்கு 160 லிட்டர் என்ற கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். சண்டை போட வேண்டியதில்லை. மண்டபத்துக்காரருக்கும் தண்ணீர் வேண்டும். போர் வற்றினால் அவரும் லாரிக்குத்தான் போன் செய்ய வேண்டும்.

அன்று அந்தப் பெரியவருக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது கேட்டால் சொல்வேன்: "இதில் ஒன்றும் வராதுங்க ஐயா. உங்கள் கிணற்றிலிருந்து போவது மட்டும்தான் உண்டு."